பட்ட மரங்கள்

தேக்கடியில் எடுத்த படங்களை அப்பத்தாவிடம் காட்டினேன். யானைப் படங்களைத் தாண்டிப் போனவர்கள் ஒரு படத்தில் நின்றுவிட்டார்கள்.

தண்ணீருக்குள் கறுத்து நிற்கும் பட்ட மரங்கள்.

"இன்னுமா சாயாம நிக்குதுக?"

1895-இல் பெரியாறு அணை எழும்பியபோது மூழ்கிய காடு. அந்த அடிமரங்களில்தான் இன்றும் நீர்க்காகங்கள் சிறகு காயவைக்கின்றன.

"சுத்தி வீடு கீடு இல்லையாப்பா?"

இல்லை. ஏரி 26 சதுர கிலோமீட்டர். அதைப் பொத்தி வைத்திருக்கும் புலிகள் காப்பகம் 925.

அப்பத்தா வாசல் பக்கம் பார்த்தார்கள்.

எங்கள் ஊருணிக்கும் ஒரு பொட்டல் இருந்தது. செம்மண்ணில் விழுந்த மழை வரத்துக்கால் வழியே ஊருணிக்குள் இறங்கும். குடிக்கிற தண்ணீர் என்று யாரும் கால்கூட நனைக்க மாட்டார்கள்.

இன்று வரத்துக்கால் மேல் மனைக் கற்கள்.

போன ஐப்பசியில் அத்தனை மழை. ஊருணியில் முழங்கால் அளவுதான்.