குதிகால் ஆபரேஷனில் என் தோலுக்கும் ஒரு படம் எடுத்தார்கள்

ஏணியிலிருந்து விழுந்ததில் என் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. சிடி ஸ்கேனில் துண்டு துண்டாகத் தெரிந்தது. டாக்டரோ, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைப்பேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதுவரை காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தேன்.

காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். குதிகாலின் வெளிப்பக்கத் தோல் மெல்லியது, அடியில் சதை அதிகம் கிடையாது. சிறிய வெட்டில் வேலையை முடிக்க முடியாத அளவுக்கு என் எலும்பு உடைந்திருந்ததால், 'எல்' வடிவில் பெரிதாக வெட்டித் தோலை மடலாகத் தூக்க வேண்டியிருந்தது. அந்த 'எல்'லின் மூலைக்கு ரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே ஒரு சிறு தமனிதான். அங்கே ஓட்டம் குறைந்தால் தோல் கருகும், தையல் பிரியும், கிருமி உள்ளே எலும்பைச் சேர்த்துப் பிடிக்க வைக்கும் உலோக பிளேட் வரை போகும். புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து கூடுதல். எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால்தான் ரத்த ஓட்டப் படமும் எடுக்கலாம் என்றார்.

அதற்கு இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பாய்ச்சினால், ரத்தம் ஓடும் இடம் கேமராவில் ஒளிரும். ஓடாத இடம் இருட்டாகவே இருக்கும். சாயம் கல்லீரல் வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதில் அயோடின் இருப்பதால் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுக்கொண்டார்கள்.

முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன், அதனால் விழித்தே இருந்தேன். பிளேட் வைத்துத் தைத்த பிறகு, ரத்தம் வராமல் இருக்கத் தொடையில் கட்டியிருந்த பட்டையைத் தளர்த்திவிட்டுச் சாயத்தை ஏற்றினார்கள். பதிவான படத்தைப் பிற்பாடு டாக்டர் காட்டினார். பாதம் முழுக்க வெளிச்சம் பரவுகிறது, மூலையில் மட்டும் மங்கல். கண்ணால் பார்த்தபோது அந்த இடமும் மற்ற தோலைப் போலத்தான் இருந்ததாம்! உடனே அங்கே இறுக்கமாக இருந்த தையல்களைப் பிரித்துத் தளர்வாகப் போட்டிருக்கிறார். மடல் பக்கத்தில் ஊசி தோலுக்கு வெளியே வராமல் உள்ளேயே போய்வரும் அல்கோவர்-டொனாட்டி தையல் அது; மடலின் ரத்த ஓட்டத்தை அது குறைவாகவே பாதிக்கும் என்றார்.

படத்தை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டார். அந்த நேரத்து ரத்த அழுத்தம், உடல் குளிர்ச்சி எல்லாம் வெளிச்சத்தை மாற்றும். மங்கலான இடம் பிழைத்துக்கொள்வதும் உண்டு, பளிச்சென்று தெரிந்த இடம் பிறகு ஏறும் வீக்கத்தால் கெடுவதும் உண்டு. இந்த அளவுக்குக் கீழே போனால் தோல் கருகும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் எதுவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை, எந்த இடத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததே பெரிய உதவி. கட்டு மாற்றும்போதெல்லாம் நர்ஸ் முதலில் அந்த மூலையைத்தான் பார்த்தார். சர்க்கரையை நானும் விடாமல் கவனித்தேன்.

அப்புறம் அதே மூலையில் சின்னதாகக் கறுப்புப் பொருக்கு கட்டியது. நல்லவேளை, மேல்தோலோடு நின்றுவிட்டது, கிருமி சேரவில்லை. மற்ற தையல்களை எடுத்தபோது அங்கே மட்டும் விட்டுவைத்து, பொருக்கு உதிர்ந்த பிறகே எடுத்தார்கள். கணுக்காலை அசைக்கும் பயிற்சி இப்போது நடக்கிறது. எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்ததும் காலை ஊன்றச் சொல்வார்கள்.