டேங்க் ரோடு தண்டாயுதபாணிக்கு அம்மாவின் பால்குடம்

சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குத் தைப்பூசத்தில் நான் எடுத்த இந்தப் பால்குடம் அம்மாவின் வேண்டுதல். 2021 ஐப்பசியில் தம்பி கோவிட் கிருமித்தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியோடு கிடந்தான். உள்ளே யாரையும் விடவில்லை. தாதி ஒருவர் வீடியோ அழைப்பில் அவன் முகத்தைக் காட்டினார். பார்த்துவிட்டு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் மஞ்சள் துணியில் காசு முடிந்து முருகன் படத்தடியில் வைத்தார். "எம்புள்ள எழுந்து நடக்கட்டும். பெருமாள் கோயில்லேர்ந்து வெறுங்கால்ல பால்குடம் கொண்டாரோம்" என்றார்.

முருகன் நடக்க வைத்தான். ஆனால் 2022 தைப்பூசத்துக்கும், அதற்கு முந்தைய ஆண்டு போலவே, தொற்றுக் கட்டுப்பாட்டால் பாதயாத்திரை கிடையாது. கோயிலுக்குள்ளேயே பால் செலுத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. "நடந்து வர்றேன்னுதானே சொன்னேன்? ரோட்டைத் திறந்துவிடட்டும், நடந்தே போவோம். அவன் வட்டியா கேக்கப்போறான்?" 2023-ல் சாலை திறந்தது. அதற்குள் அம்மாவின் முழங்கால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டைக்கூடத் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. காப்பை நான் கட்டிக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததுமே விரதம் தொடங்கியது. அம்மாவின் விரதம் கறாரானது. ஒருவேளைச் சோறு, மற்ற வேளைக்குப் பால், பழம். விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். கட்டில் கிடையாது, ஏசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. கடைசியாக ஒன்று சொன்னார்: "கோபப்பட்டு ஒரு சொல் வந்துச்சுன்னா அன்னிக்கு விரதம் இல்ல." மற்றதையெல்லாம் செய்துவிடலாம், இதைத்தான் எப்படிச் செய்யப்போகிறேனோ என்று அப்போதே உள்ளுக்குள் உதறல்.

முதல் சில நாள் உடம்பு போட்ட சண்டையை எழுத்தில் வடிக்க முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தரை ஓடு நள்ளிரவுக்குமேல் எலும்பில் ஏறும். விடியற்காலைத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததும் மூச்சு நின்று திரும்பும். பிறகு எந்த நாளென்று தெரியாமல் உடம்பு இறங்கிவந்தது. பசி தன் நேரத்துக்கு வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். அதை விரட்டவும் வேண்டாம், அதற்கு விருந்து வைக்கவும் வேண்டாம். 'வந்தாயா, உட்கார்' என்று இடம் கொடுத்துவிட்டால் அது இருந்துவிட்டுத் தானே எழுந்து போகிறது. இத்தனை வயதுவரை எனக்கு இது தெரியாது. ஒரு காப்பி தாமதமானால் தலைவலிக்கிறது என்று வீட்டையே புரட்டிப்போடுகிறவள் நான்.

பதினைந்து வயது மகளுக்கு நான் தரையில் படுப்பது பொறுக்கவில்லை. "மெத்தையில படுத்தா முருகன் வேணாம்னு சொல்லிடுவாரா?" என்று கேட்டாள். எனக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிட்டார்: "பழனியில அவனே கோமணத்தோட நிக்கிறான்டி. ராசா வீட்டுப் புள்ள. அவனுக்கே வேணாமாம், உங்கம்மாவுக்கு என்னத்துக்கு மெத்தை?" அன்று இரவு மகளும் பாயை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ், பொங்கல், அடுத்த ஞாயிறே சீனப் புத்தாண்டு என்று எல்லாம் விரதத்துக்குள்ளேயே வந்தன. அலுவலகத்தில் லோஹே, புத்தாண்டுக்குக் கூடிநின்று கலந்து உண்ணும் சீன விருந்து. எல்லோரும் சுற்றி நின்று குச்சியால் தூக்கித் தூக்கிக் கலக்க, நான் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றேன். பக்கத்து மேசைச் சீனத் தோழி எனக்காகத் தனியாகப் பழத்தட்டு வாங்கிவைத்து, "உன் கடவுளிடம் என் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்" என்றாள். அவள் அம்மா பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன்.

கோபம்தான் கடைசிவரை நின்றது. பசி படிந்துவிட்டது, தூக்கம் படிந்துவிட்டது, நாக்கு மட்டும் படியவில்லை. வேலையிடத்தில் என்மேல் இல்லாத பழியை ஒருவர் எல்லோர் முன்னாலும் போட்டார். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. 'சரவணபவ' என்று உள்ளே சொல்லி விழுங்கினேன், அது இறங்கும்போது நெருப்பாகத்தான் இறங்கியது. சோற்றை விடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் புரிந்தது. கழிவறையில் போய் அழுதேன். அம்மாவிடம் சொன்னபோது, "அழுதா பரவால்ல, திட்டலேல்ல? அப்ப விரதம் இருக்கு" என்றார்.

பூசத்துக்கு முதல்நாள் முருகன் வெள்ளி ரதம் ஏறி, கியோங் சைக் சாலையில் இருக்கும் அண்ணன் லயன் சித்தி விநாயகரைப் பார்க்கப் போய்த் திரும்புவான். நாங்கள் இரவு பத்து மணிபோலச் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டோம். மாமன் வீட்டில் புறப்பட்டு மருமகன் வீட்டில் இறக்கிவைக்க வேண்டிய குடம். 1968-க்குப் பிறகு இங்கே தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது, நடை திரும்ப வந்த முதல் ஆண்டும்கூட. கூட்டத்தைச் சொல்லவும் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும், மனம் ஆறவில்லை. வழியில் ஒருவர் பால்குடச் சாமானைக் கண்மூடித்தனமான விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் மஞ்சள் துணி போதாமல் தவித்த ஒரு வயதான அம்மாவிடம், பேரம் பேச நேரமில்லை என்று தெரிந்தே வாங்கினார். வேண்டுதலோடு நிற்பவரிடம் இப்படி வாங்கிய காசு எந்த வீட்டில் தங்கும்? வரிசையிலும் அப்படித்தான். இரண்டு மணி நேரமாக நிற்பவர்களைத் தாண்டி, "கூட வந்தவங்க முன்னாடி இருக்காங்க" என்று குடும்பம் குடும்பமாக நுழைகிறார்கள். அலகு குத்திக்கொண்டு கண்மூடி நிற்பவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கைப்பேசி விளக்கை அடிக்கிறார்கள். அருள் வந்து நிற்பவரைப் படம் பிடித்து என்ன செய்யப்போகிறார்கள்?

பாலூற்றி, வாழையிலைத் துண்டால் மூடி, மஞ்சள் துணி கட்டிக் குடத்தைத் தலையில் ஏற்றியபோது நள்ளிரவை ஒட்டிய நேரம். "வேல் வேல்" என்று ஒரு குரல், "வெற்றிவேல்" என்று நூறு குரல். வெளியே கால் வைத்ததும் தார்ச்சாலையின் மணல் உள்ளங்காலில் குத்தியது. தம்பி என் இடப்பக்கம் வெறுங்காலோடு நடந்தான்.

வீரமாகாளியம்மன் கோயில்வரை ஒன்றுமில்லை. தேக்கா தாண்டிச் சிலிகி சாலையில் திரும்பும்போது தோள்பட்டை பேச ஆரம்பித்தது. குடத்தைப் பிடித்த விரல்களில் உணர்வு போய்விட்டது. துணியின் ஓரமாகப் பால் கசிந்து நெற்றியில் இறங்கி, புருவத்தில் தங்கி, அங்கேயே காய்ந்து பிசுபிசுத்தது. இரண்டு கையும் மேலே இருக்கின்றன, துடைக்க முடியாது. இன்னொரு சொட்டு மூக்கோரமாக வந்து உதட்டில் நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வலியைவிட அந்தப் பிசுபிசுப்புதான் என்னைப் படுத்தியது. துடைத்துவிடத் தம்பி கையை நீட்டினான். ஏனோ வேண்டாம் என்று தலையை அசைக்காமல் கண்ணாலேயே சொன்னேன். இதுவும் இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபின் அது தொந்தரவாக இல்லை. பாலாகவே இருந்தது.

டோபி காட் பக்கம் வரிசை நின்றுவிட்டது. நடக்கும்போது தெரியாத வலியெல்லாம் நிற்கும்போது ஒன்றாக வந்தது. முழங்கை நடுங்கியது, குடம் லேசாக ஆடியது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, எழுபதுக்குமேல் இருக்கும், குடத்தோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. எனக்கு இனி முடியாது என்று தோன்றியது. அம்மாவின் வேண்டுதலை நடுரோட்டில் இறக்கிவைக்கப்போகிறேன் என்று பயம் வந்துவிட்டது.

அப்போது தம்பி காதருகே வந்து, "அக்கா, டேங்க் ரோட்டை நெனைக்காத. அந்த வெளக்குக் கம்பம் வரைக்கும் மட்டும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவன் நடக்கக் கற்றுக்கொண்ட வழி. மருத்துவமனையிலிருந்து வந்தபோது அவன் தொடை என் கையளவுக்கு இளைத்திருந்தது. இயன்முறை சிகிச்சையாளர், வலிக்கத்தான் செய்யும், வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தசை திரும்பாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் மாலை புளோக்கின் கீழ்த்தளத்தில் கைத்தடியோடு நடப்பான். முழு நீளத்தைப் பார்க்க மாட்டான். அடுத்த தூண். அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டு அதற்கடுத்த தூண். முகமெல்லாம் வேர்வை. "போதும்டா, மேல வா" என்று நான் கெஞ்சிய நாட்கள் உண்டு. அம்மா மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தூணுக்கும் ஒரு "முருகா" சொல்வார். அம்மா அழைத்த முருகன் அந்தத் தூண்களில்தான் வந்து நின்றிருக்கிறான் என்று டோபி காட்டில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

குனிய முடியாது என்றாலும் கண்ணைத் தாழ்த்தி அவன் காலைப் பார்த்தேன். அழுக்குப் படிந்த வெறுங்கால். கைத்தடி இல்லை. அந்தக் கால் ஓர் அடி வைத்தது, வரிசை நகர்ந்துவிட்டது. நானும் வைத்தேன். அந்தக் கம்பம் வந்தது. அடுத்ததைப் பார்த்துக்கொண்டேன். கிளமென்சோ அவென்யூவில் என்ன நடந்தது, யார் பாடினார்கள், எவ்வளவு நேரமானது, எதுவும் நினைவில் இல்லை. கம்பங்கள் மட்டும் நினைவிருக்கின்றன. தொண்டூழியர் ஒருவர், பள்ளிப் பையன் போலிருந்தான், "அம்மா, கொஞ்ச தூரந்தான்மா, வந்துட்டீங்க" என்று சொல்லித் தண்ணீரை என் வாயருகே பிடித்தான். அவன் நல்லா இருக்கணும்.

நகரத்தார் கட்டிய கோயில் அது, 1859-ல். கோயில் எழும்புமுன் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் குளக்கரை அரசமரத்தடியில் வேலை நட்டுத்தான் கும்பிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குன்றிருக்கும் இடத்தில் குமரன் இருந்தே தீருவான், கடல் தாண்டியும் அப்படித்தான். ராஜகோபுரம் கண்ணில் பட்டபோது என்னையறியாமல் "அரோகரா" என்று கத்தினேன். அதுவரை என் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

சன்னதியில் எனக்குக் கிடைத்தது சில நொடிதான். குடத்தைக் கையிலிருந்து வாங்கினார்கள், துணி அவிழ்ந்தது, பால் வேலின்மேல் விழுந்தது. வேலின் இலைநுனியில் பட்டு இரண்டாகப் பிரிந்து, திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. நிமிர்ந்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான். எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தூது வந்தவள்போலச் சொன்னேன்: "அம்மாவால வர முடியலப்பா. கால் முடியல. கோச்சுக்காத. தம்பி நடந்தே வந்திருக்கான், வெளியில நிக்கிறான்." தோழியின் அம்மா பெயரையும் சொன்னேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை முதுகில் பட்டு, "நகருங்க, நகருங்க" என்று தள்ளியது. வேறு நாளாக இருந்தால் திரும்பி நாலு கேட்டிருப்பேன். தேடிப்பார்த்தேன், உள்ளே கோபம் இல்லை. தள்ளியவருக்கும் அவனைப் பார்க்க வேண்டுமே! ஒதுங்கி வழி விட்டேன். அந்த ஒதுங்குதலை எனக்குக் கொடுத்தவன் அவன்தான், என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

பிறகு அன்னதானத்தில் உட்கார்ந்தோம். சோறும் சாம்பாரும். விரல் மடங்கவில்லை, தம்பிதான் பிசைந்து கொடுத்தான். மாத்திரையைக் கரைத்து ஊசியில்லாக் குழாயில் வைத்து அவனுக்கு நான் கொடுத்த கை அது, இப்போது எனக்கு அவன் ஊட்டுகிறான். சுற்றிலும் ஆட்கள், வெட்கமே இல்லாமல் அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்தார் டோபி காட்டில் எனக்கு முன்னால் நின்ற அதே பாட்டி. "முதல் வருசமா?" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்த வருசம் இதே வலிதான் இருக்கும், உனக்குத்தான் பழகியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

முருகா, நீ கொடுத்தது எத்தனை! தம்பியின் காலைக் கொடுத்தாய். பெயர் தெரியாத அந்தத் தாதியை, கண்டிப்பான சிகிச்சையாளரை, தண்ணீர் பிடித்த பையனை, பழத்தட்டு வாங்கிவைத்த தோழியைக் கொடுத்தாய். முடிந்துவைத்த காசுக்குக் கணக்குக் கேட்காமல் காத்திருந்தாய். எனக்குப் பசியோடு இருக்கவும் வலியோடு நிற்கவும் சொல்லிக்கொடுத்தாய். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் பாயில்தான் படுக்கிறேன், காலைத் தண்ணீரைச் சுட வைப்பதில்லை. வேலையிடத்தில் நாக்கு சில நாள் நழுவத்தான் பார்க்கிறது. நீ பார்த்துக்கொள்.

அடுத்த பூசத்துக்குத் தானே பால்காவடி எடுப்பதாகத் தம்பி அன்று காலையே அம்மாவிடம் சொன்னான். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்: "ஒருவேளைச் சோறு. கட்டில் கிடையாது. வாயத் தொறந்து யாரையும் திட்டக் கூடாது. முடியும்னா சொல்லு, காப்பு நான் கட்டிவிடறேன்."

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!