ஒரு சொல்லின் பயம்

"என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா தம்பி?"

பக்கத்து வீட்டு அக்கா நீட்டிய தாளில் கை வியர்வையின் ஈரம் இருந்தது. சொத்து வழக்கின் சம்மன். 'பிரதிவாதி' என்றால் யார்மீது வழக்குப் போடப்பட்டதோ அவர், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் குற்றவாளி என்று எண்ணி, அக்கா மூன்று நாளாகத் தூங்கவில்லை.

'ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்.'

இதை இப்படி எழுதக் கூடாதா? "அந்தத் தேதியில் நீங்களோ உங்கள் வக்கீலோ வாருங்கள். வராவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம்."

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. பயமுறுத்தத் தெரிந்த அந்தத் தாளில் இதற்கு மட்டும் ஒரு வரி இடமில்லை. கோபமாக வருகிறது.

எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.