முட்டத்தில் ஒரு ஜாஸ் வழக்கு

நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. நண்பன் பைக்கோடு நின்றான். வீடு போய்ச் சேர்வதற்குள் எங்கள் பழைய வழக்கு தொடங்கிவிட்டது. இன்றைய ஜாஸில் யார் பெரியவர் என்பது. அவனுக்கு சாக்ஸபோன் வாசிக்கும் கமாசி வாஷிங்டன், எனக்கு பியானோ வாசிக்கும் விஜய் ஐயர். கல்லூரி நாளிலிருந்து இப்படித்தான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2015-ல் வந்த கமாசியின் 'தி எபிக்' ஆல்பம் மூன்று வட்டுகள் கொண்டது, ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதே வருடம் ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் ஆல்பத்திலும் கமாசி இருந்ததால், ராப் மட்டுமே கேட்ட பிள்ளைகள் ஜாஸ் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் கூட்டம் சேர்த்ததையும் வாசிப்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி. "உன் ஆளுக்கு மட்டும் என்ன, மெக்கார்தர் விருது, ஹார்வர்டு பேராசிரியர் பதவி, போதாததுக்கு நம்ம ஊர்ப் பேர்" என்றான். அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் என்பதால்தான் அவர் பியானோவை முதலில் தேடிக் கேட்டேன். அது உண்மை.

தீர்ப்பு சொன்னது அவன் தாய்மாமா. கோயில் திருவிழா பேண்டு செட்டில் முப்பது வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர். ஜாஸ்காரர்கள் பெயர் ஒன்றும் தெரியாது. மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் சண்டையைக் கேட்டவர், "பேரைச் சொல்லாம போட்டுக் காட்டுங்கடே, நான் சொல்லுதேன்" என்றார். அமெரிக்காவில் டவுன்பீட் பத்திரிகை பல காலமாக இசைக்கலைஞர்களை வைத்து இதைத்தான் செய்கிறது. சரி என்று சாயங்காலம் மூன்று பேரும் முட்டம் கடற்கரைக்குக் கிளம்பினோம்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, அலை அடிக்காத ஒரு பாறையாகப் பார்த்து உட்கார்ந்தோம். சின்ன ஸ்பீக்கர். காற்றுக்கு முதுகைக் காட்டி அதை மடியில் வைத்துக்கொண்டார் மாமா.

முதலில் கமாசி. பின்னால் பாடகர் குழு எழும்பியதும் மாமா முகம் மலர்ந்தது. "கூட்டத்த எழுப்பத் தெரிஞ்ச ஆளு. ஆனா ஏறிட்டே இருக்கான். இறங்கத் தெரியணும்லா?" நண்பன் பேசவில்லை.

அடுத்து விஜய் ஐயரின் 2009 ஆல்பமான 'ஹிஸ்டாரிசிட்டி'. பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும். மாமா தொடையில் தாளம் போட்டார், விட்டார், மறுபடி பிடித்தார். "கணக்கு கொள்ளாம். பாட்டு எங்க மக்கா?" எனக்கு வலித்தது. இப்போதும் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆல்பத்தில் மெட்டு உள்ளே இருக்கிறது, மூன்றாவது முறை கேட்கும்போதுதான் வெளியே வரும்.

மூன்றாவதாக, இரண்டு கட்சியிலும் சேராத ஒன்றைப் போட்டேன். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் ருத்ரேஷ் மஹந்தப்பாவின் 'கின்ஸ்மென்', 2008. மாமா நிமிர்ந்தார்.

"ரெண்டும் ஆல்டோ. ஒருத்தன் வெள்ளக்காரன் மாதிரி நேரா ஊதுதான். இன்னொருத்தர்..." ஸ்பீக்கரைக் காதோடு வைத்துக்கொண்டார். "கத்ரி கோபால்நாத்லா இது!"

கர்நாடக இசையை சாக்ஸபோனில் வாசித்தவர் கத்ரி. சுரங்களை வழுக்கி அசைக்கும் அவருடைய கமகத்தை வைத்தே மாமா பிடித்துவிட்டார். 1994-ல் கத்ரி வாசித்த 'டூயட்' படப் பாட்டுகளைக் கேட்டுத்தான் கிளாரினெட்டை வைத்துவிட்டு சாக்ஸபோன் வாங்கினாராம். கத்ரி நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தை முதலில் கேட்டவர் என்று நான் சொன்னபோது, "பேண்டுக்காரங்ககிட்ட இருந்துதானா" என்று இரண்டு தடவை கேட்டார். மஹந்தப்பாவுக்குக் கத்ரி அறிமுகமானது, அண்ணன் விளையாட்டாகக் கொடுத்த ஓர் ஆல்பம் வழியாக. அந்தக் கேலிப் பரிசுதான் கடைசியில் இரண்டு பேரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. வயலின் யார் என்று கேட்டார். ஏ. கன்னியாகுமரி என்றேன். "நம்ம ஊர்ப் பேரு!" என்று சத்தமாகச் சிரித்தார். ஊர் ஆந்திரா என்று சொன்ன பிறகும் அந்தச் சிரிப்பு குறையவில்லை.

'தி எபிக்' பற்றிப் பேசுகிற பேச்சில் கால் பங்காவது 'கின்ஸ்மென்' பற்றி நடந்திருக்க வேண்டும். இரண்டு இசை மரபுகளைச் சேர்க்கும் ஆல்பங்களில் பெரும்பாலும் ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் அலங்காரத்துக்கு நிற்பார். இதில் இரண்டு பேரும் ஒரே வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பாஷையை விடாமல் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு வாசிக்கிறார்கள். விருதோ கூட்டமோ அந்தக் கேட்பதை அளக்காது.

இருட்டின பிறகு வீடு திரும்பினோம். மாமா சட்டையைக்கூட மாற்றவில்லை. பெட்டியைத் திறந்து, சாக்ஸபோனின் ஊதும் முனையில் பொருத்தும் நாணல் பட்டையான ரீடை எடுத்தார், பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நாக்கில் கொஞ்ச நேரம் ஊற வைத்தார். அப்புறம் கத்ரி வாசித்த ஒரு வரியைத் தேடினார். முதல் தடவை சுரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக விழுந்தன. உதட்டைத் தளர்த்தி மறுபடி ஊதினார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஒரு சுரம் வழுக்கிக்கொண்டு அடுத்ததில் போய்ச் சேர்ந்தது.

"இன்னொருக்க போடு மக்கா" என்றார்.