ஒரே கூடைக்குக் காத்திருக்கும் கோழிகள்

எங்கள் கொல்லையில் வளரும் ஐந்து நாட்டுக்கோழிகளுக்காக வைக்கோல் பரப்பிய மூன்று கூடைகளை வைத்திருந்தும், அவை யாவும் விறகு அடுக்கின் ஓரத்தில் இருட்டாக இருக்கும் ஒரே கூடையில்தான் முட்டையிடுகின்றன. ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றொன்று கழுத்தை நீட்டிப் பார்த்தபடி காத்து நிற்கும்; பொறுக்க முடியாவிட்டால் அதன் மேலேயே ஏறி அமர்ந்துவிடும். செம்பழுப்புக் கோழி மார்பால் வைக்கோலை அழுத்திக் குழியாக்கி, ஒவ்வொரு துரும்பாக அலகால் எடுத்து முதுகின்மேல் போட்டுக்கொள்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆவதால், முட்டையிடும் பொழுது நாள்தோறும் சற்றுத் தள்ளிப்போய், இடையில் ஒரு நாள் விடுபடுகிறது.

கூடையை முழுவதும் காலி செய்தால் கோழி இடம் மாறிவிடக்கூடும் என்பதால், கரியால் அடையாளமிட்ட முட்டை ஒன்றை அதில் விட்டுவைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். சென்ற மாதம் அதை நான் மறந்துவிட, கறுப்புக்கோழி வேலியோரப் புதருக்குள் ஒன்பது முட்டைகளைச் சேர்த்துவைத்து, நான் கண்டுபிடிக்கும்போது இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. பாம்புக்குப் பயந்து, இருட்டிய பிறகு முட்டைகளோடு அதைக் கூடைக்கு மாற்றினேன்.