இறக்கை வைத்த ஹுஸாரும் பெயின்டுக்கு முந்தைய வேலையும்

இப்போது மேசையில் இருப்பது ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டிய ஒரு சின்ன மாடல் உருவம்: போலந்தின் இறக்கை வைத்த குதிரைவீரன், ஹுஸார். 1683இல் வியன்னா முற்றுகையை உடைக்க மலைச்சரிவிலிருந்து பாய்ந்து இறங்கிய அதே படையைச் சேர்ந்தவன். நிற்கும் ஆள் 75 மி.மீ. உயரம் வரும் அளவு, அதாவது அசலில் ஏறக்குறைய 1/24. ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக்கான பாலியூரித்தேன் ரெசினில் வார்த்த பாகங்கள். பார்த்ததும் பிரஷைத் தேடத் தோன்றும், ஆனால் இந்த மாதிரி உருவத்தில் பாதி உழைப்பு பெயின்டுக்கு முன்னாலேயே போய்விடும்.

முதலில் குளியல். பாகங்கள் சிலிகான் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர உள்ளே ஒரு வழுவழுப்பான பொருளைத் தெளித்துவிட்டுத்தான் பெரும்பாலும் ரெசினை ஊற்றுவார்கள். அது படலமாக ஒட்டிக்கொண்டு வரும், அதன்மேல் ப்ரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய டூத் பிரஷ், இவ்வளவு போதும். நன்றாகச் சுடும் தண்ணீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். எல்லாவற்றையும் டீ வடிகட்டிக்குள் போட்டுத் தேய்த்தேன், ஏனென்றால் வாளின் கைப்பிடி அரிசி அளவுதான், சிங்க்கில் போனால் போனதுதான்.

காய்ந்ததும் பசை இல்லாமல் எல்லாவற்றையும் சும்மா பொருத்திப் பார்ப்பது என் வழக்கம். சேணத்துக்கு அடியில் மறையப்போகும் இடத்தை யார் மழமழவென்று தேய்ப்பது?

ரெசின் ஊற்றிய வாயில் நிற்கும் தடித்த கட்டைகளைக் கட்டரால் ஒட்ட நறுக்கக் கூடாது. ரெசின் நொறுங்கும் ஜாதி, வெட்டும் அழுத்தத்தில் பாகத்திலிருந்தே ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். மெல்லிய ரம்பத்தால் ஒரு மி.மீ. விட்டு அறுத்து, மீதியை அரத்தால் தேய்த்தேன். தேய்ப்பது எல்லாமே தண்ணீர் தொட்டுத்தான், மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டுதான். அந்த மாவு போன்ற தூசி நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை. பிளேடால் சுரண்டி, 400 வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 1000 வரை போனேன்.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடுதான் பெரிய தலைவலி. குதிரையின் மார்பில் தொடங்கி வயிறு வழியாகப் போய் வாலுக்கு அடியில் முடிகிறது. சாம்பல் நிற ரெசினில் நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். உடம்பில் பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி இழுத்தால் சுருள் சுருளாக வந்துவிடும். இறக்கையில் அது நடக்காது. கோடு ஒவ்வொரு இறகையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, தேய்த்தால் இறகின் வரிகளும் சேர்ந்து அழியும். அதனால் கோட்டை மட்டும் சீவிவிட்டு, பிளேடு நுனியால் வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கீறினேன். போரில் இவர்கள் உண்மையிலேயே இறக்கை மாட்டினார்களா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மாட்டவில்லை என்று முடிவாகியிருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சம்.

ஒரு இறக்கைச் சட்டம் கோணலாக வந்திருந்தது. கொதிக்கவைத்துச் சற்று ஆறிய நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் ரெசின் இளகும், நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே இறுகிவிடும். ஈட்டிக்கு மட்டும் இதை நம்பவில்லை. உண்மையான ஈட்டி சுமார் 5 மீட்டர், இந்த அளவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு நீளத்துக்கு ரெசின் கம்பி வெயில் காலத்தில் தானாகவே தொங்கிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் கம்பியின் நுனியை அரத்தால் சீவி வைத்தேன். கைக்காப்பு உருண்டையை மட்டும் பழைய ஈட்டியிலிருந்து அறுத்தெடுத்து, நடுவில் துளை போட்டுக் கோத்தாயிற்று.

காற்றுக்குமிழிகள் குதிரையின் காது நுனியிலும் கடிவாளத்துக்கு அடியிலும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி புட்டியை ஈர விரலால் அழுத்தி நிரப்பினேன். அது இறுகப் பல மணி நேரம் எடுக்கும், அதுவரை தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அப்புறம் பசை. பிளாஸ்டிக் மாடல் கிட்டுக்கு வாங்கும் சிமென்ட் என்ற பசை இதில் ஒட்டவே ஒட்டாது, அது பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது. ரெசினுக்கு சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி. சூப்பர் க்ளூ இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் இடித்தால் பட்டென்று விடும். இந்தக் குதிரையோ பின்னங்கால்களில் மட்டும் நிற்கிறது. அதனால் இரண்டு குளம்புகளிலும் கை ட்ரில்லால் துளை போட்டு 1 மி.மீ. பித்தளைக் கம்பி ஏற்றினேன். எதிர்த் துளை எங்கே வரும் என்று குத்துமதிப்பாகப் போடக் கூடாது. கம்பி முனையில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்து அழுத்தினால் புள்ளி விழும், அங்கே ட்ரில் பண்ண வேண்டியதுதான். க்ளூவை அதிகமாக விட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால் ஊசி முனையில் தொட்டுத்தான் வைத்தேன்.

வீரன், குதிரை, இறக்கைகள் மூன்றையும் தனித்தனியாகவே விட்டிருக்கிறேன். ஒட்டிவிட்டால் முதுகுக்கும் இறகுக்கும் நடுவில் பிரஷ் நுழையாது. ஒட்டப்போகும் முகங்களில் டேப் ஒட்டி, சாம்பல் ப்ரைமரை மெலிதாக இரண்டு கோட் அடித்தேன். ஒரே நிறமாக ஆனதும் வயிற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய கோடு எட்டிப் பார்த்தது, அதை 1000 பேப்பரால் தேய்த்து அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தேன். சரி, அடுத்தது குதிரைக்குச் செம்பழுப்பு. முதலில் அக்ரிலிக், அதற்குமேல் ஆயில்.