பழைய நிலக் கணக்கு எந்த ஆபீஸில் இருக்கும்? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலக்காரர்களுக்கு

தாலுகா ஆபீஸில் போய் "எங்க தாத்தா காலத்து ரெக்கார்டு வேணும்" என்று கேட்டால் கிடைக்காது. அந்தப் பேரில் அங்கே பதிவேடே கிடையாது. அ-பதிவேடு (புல எண் வாரியான கிராம நிலப் பதிவேடு), சிட்டா (ஒருவர் பேரில் உள்ள நிலங்களின் கணக்கு), அடங்கல், புலப்படம் (நில அளவை வரைபடம்), எஸ்எல்ஆர், பட்டா மாறுதல் கோப்பு என்று தனித்தனிப் பேரில் கணக்குகள் இருக்கின்றன. எந்தக் கணக்கு, எந்தக் கிராமம், எந்தப் புல எண், எந்தப் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்ற நான்கையும் எழுத்தில் கொடுத்துவிட்டால், தர மனமில்லாதவருக்கும் தட்டிக்கழிப்பது சிரமம். இந்த நான்கையும் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்து, செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். மூன்றையும் ஒரே நாளில் அச்சிட்டு வையுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0-40.50 என்று இருந்தால் நாற்பதரை ஏர், அதாவது ஒரு ஏக்கர், 100 சென்ட். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். பழைய பத்திரத்தின் ஏக்கர்-சென்ட் கணக்கை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தாலே, பிசகு எங்கே நடந்தது என்பதற்கு முதல் தடயம் கிடைத்துவிடும்.

அடுத்து அ-பதிவேட்டில் பழைய புல எண் என்ற கட்டத்தைப் பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1979 முதல் 1987 வரை நடந்த, யூடிஆர் என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பரப்பு மெட்ரிக் அளவுக்கு மாறியது, உட்பிரிவுகள் புதிதாகப் போடப்பட்டன, பட்டாதாரர் பெயர்கள் திருத்தி எழுதப்பட்டன. இன்றைய பட்டாச் சண்டைகளில் பெரும்பகுதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பாத்தியமான நிலம் மூத்தவர் ஒருவர் பேரில் ஏறியிருக்கும். இல்லை, அனுபவத்தில் இருக்கும் நிலம் பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருக்கும். இதை நிரூபிக்க யூடிஆருக்கு முந்தைய எஸ்எல்ஆர் என்ற நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலும், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்புப் பட்டியலின் நகலும் வேண்டும். ஆபீஸில் இதைக் காரலேஷன் என்றுதான் சொல்வார்கள். இணையப் பிரதியில் பழைய எண் கட்டம் காலியாக இருந்தால், கையெழுத்தில் எழுதிய யூடிஆர் அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.

யார் உழுதார்கள், என்ன பயிர் வைத்தார்கள் என்பதற்கு அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்பது அதுதான். அதைப் பசலி ஆண்டு சொல்லிக் கேட்க வேண்டும். பசலி ஜூலை 1-ல் பிறக்கும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது பிறந்த ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1389 என்றால் 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை. "1980 அடங்கல்" என்று மட்டும் எழுதினால் அது இரண்டு பசலிகளில் விழும். ஒன்றைப் பார்த்துவிட்டு இல்லை என்று பதில் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1980 நவம்பரில் கிராமக் கணக்கு பார்த்த கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டு விஏஓக்கள் (கிராம நிர்வாக அலுவலர்கள்) வந்தார்கள். அந்தக் கைமாற்றத்தை ஒட்டிய ஆண்டுகளின் கணக்கு தேவைப்பட்டால் விஏஓவிடம் மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள், தாலுகாப் பதிவறைக்கும் மனு கொடுங்கள்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ஓசூர்ப் பக்கத்து நிலத்துக்கு 1990-ல் கலெக்டர் போட்ட உத்தரவு தருமபுரி கலெக்டரின் உத்தரவு. 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணைக்கு எடுத்த நிலத்தின் கோப்பு, பிறக்கும்போது சேலம் கோப்பு. பிரிவினையின்போது எந்தக் கோப்பு கை மாறியது, எது பழைய இடத்திலேயே தங்கியது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் உத்தரவின் தேதியைப் பார்த்து, அன்றைக்கு அந்த ஊர் எந்த மாவட்டத்தில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். தாலுகாவுக்கும் இதே கதைதான். அஞ்செட்டி முன்பு தேன்கனிக்கோட்டையில் இருந்தது. காரிமங்கலம் பாலக்கோட்டில் இருந்தது. நல்லம்பள்ளி தருமபுரி தாலுகாவில் இருந்தது. புது தாலுகா ஆபீஸில் "இங்கே இல்லை" என்றால், அந்த ஆபீஸைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம்.

மிட்டா, ஜமீன், இனாம் கிராமங்கள், அதாவது முன்பு அரசின் நேரடி வசூலில் இல்லாமல் இடையில் ஒருவர் கையில் இருந்த கிராமங்கள், வேறு வகை. அவற்றை அரசு 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திலும், 1963-ன் இனாம் ஒழிப்புச் சட்டங்களிலும் எடுத்துக்கொண்ட பிறகுதான் ரயத்துவாரி பட்டா (அரசு நேரடியாக நிலக்காரருக்குத் தரும் பட்டா) கொடுத்தது. அதற்கு முந்தைய பட்டாவைத் தாலுகாவில் தேடிப் பயனில்லை. செட்டில்மென்ட் தாசில்தார் போட்ட உத்தரவின் நகலைத்தான் கேட்க வேண்டும். நத்தம் (ஊர்க் குடியிருப்பு) நிலத்துக்கும் நத்தம் அ-பதிவேடு, நத்தம் புலப்படம் என்று தனியாகக் கணக்கு இருக்கிறது.

இனி பதிவுத்துறை. தாலுகாவில் இருப்பது வருவாய்க் கணக்கு, சார்பதிவாளரிடம் இருப்பது பத்திரக் கணக்கு. ஒன்றில் நடந்தது மற்றதில் தானாக ஏறியிருக்கும் என்று நம்பக் கூடாது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பொதுவாக 1975-க்குப் பிந்தைய பதிவுகள் வரும், அதற்கு முந்தையவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு போட வேண்டும். இங்கே பெரிய பொறி "வில்லங்கம் இல்லை" என்று வரும் பதில். நீங்கள் கொடுத்த எண்ணில், நீங்கள் கொடுத்த அலுவலகத்தில், நீங்கள் கொடுத்த காலத்தில் பதிவு எதுவும் அகப்படவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். பத்திரம் 112/3 என்று பதிவாகியிருக்கும், நீங்கள் 112/3பி என்று தேடியிருப்பீர்கள். புது எண்ணில் ஒரு தடவை, உட்பிரிவு இல்லாமல் ஒரு தடவை, யூடிஆருக்கு முந்தைய எண்ணில் ஒரு தடவை தேடுங்கள். சார்பதிவகத்தின் எல்லை நடுவில் மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேடுங்கள்.

பத்திர நகலுக்கு நீங்கள் சொத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் 1908-ன் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவைக் காட்டுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் ஏறும் 3-ஆம் புத்தகம் அப்படி இல்லை. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் தருவார்கள், இறந்த பிறகு மனு செய்யும் எவருக்கும் தரலாம். அப்போது இறப்புச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பழைய பத்திரங்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருப்பது உண்டு. நகல் எடுத்த பிறகு படிப்பதற்கு ஆள் பார்த்து வையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தை (ஆர்டிஐ) எதற்கெடுத்தாலும் முதலில் தூக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கோர்ட்டில் தாக்கல் செய்ய நகல் வேண்டுமானால் நேரடியாக நகல் மனு போடுங்கள். பொதுமக்கள் பார்க்க உரிமையுள்ள பொது ஆவணத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிட்ட நகல் தர வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 75-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 76-ஆம் பிரிவு. மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் அப்போது ஆர்டிஐ.

ஆர்டிஐ மனுவில் "ஏன் என் பட்டாவை மாற்றினீர்கள்?" என்று கேள்வி எழுதாதீர்கள். காரணத்தை யோசித்து எழுதித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை, பதிவேட்டில் உள்ளதைத் தரும் கடமைதான் உண்டு. அதையே இப்படி எழுதலாம்: "இன்ன கிராமம், புல எண் 112/3பி தொடர்பான பட்டா மாறுதல் உத்தரவு, அதற்கு அடிப்படையான மனு, விஏஓ மற்றும் வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) அறிக்கைகள், குறிப்புப் பக்கங்கள், அறிவிப்பு சார்பு செய்யப்பட்டதற்கான ஒப்புதல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள்." ஏன் மாற்றினார்கள் என்ற பதில் குறிப்புப் பக்கங்களிலேயே இருக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அதைத் தெளிவாக்குகிறது. ஒரு மனுவில் ஓர் அலுவலகம், ஒரு விஷயம் போதும்.

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினால் செல்லாது. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பு தடிமனாக இருக்கும் என்று தோன்றினால் நகலுக்குப் பதில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தேவையான பக்கங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் பணம் கட்டலாம்.

கோப்பு எண் தெரியாவிட்டால் முதல் மனுவில் அதை மட்டும் கேளுங்கள். அந்தப் பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் (அவர் கையாளும் கோப்புகளின் பதிவேடு) அந்த ஆண்டுக்கான பக்கங்களின் நகல் என்று கேட்டால் எண் அகப்படும். நடக்கும் கோப்புக்கு ந.க. என்று எண் இருக்கும். முடித்துவைத்தால் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று மாறும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு முடிவு என்று விரியும் இந்த எழுத்துகள் கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பதைச் சொல்லும். ஓ.மு. கோப்பைப் பத்து வருடம் கழித்துத் தேடினால் இருக்க வாய்ப்பு குறைவு. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அது எந்த முடிவில் அடைக்கப்பட்டது, பதிவறைக்குப் போன தேதி, அழித்திருந்தால் அழிப்புப் பட்டியலின் நகல் என்று அடுத்த மனுவில் கேளுங்கள். இருக்க வேண்டிய கோப்பு என்று அந்தத் தாள்கள் காட்டினால் மேல்முறையீட்டில் அதுவே பலம்.

மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள். ஆகவே தபால் ரசீதையும், சேர்ந்த தேதி காட்டும் தாளையும் மனு நகலோடு சேர்த்துக் குத்திவையுங்கள். வேறு அலுவலகத்துக்கு உரியதானால் அவர்களே 5 நாளுக்குள் அனுப்பிவைக்க வேண்டும். நகல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால், அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும்வரை உள்ள நாட்கள் இந்த 30-ல் சேராது. கெடு தாண்டிக் கொடுத்தால் நகலுக்குக் காசு கேட்க முடியாது. பதில் வராவிட்டால் கெடு முடிந்ததிலிருந்து, வந்த பதில் திருப்தியில்லை என்றால் அது கைக்கு வந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவருக்கு 30 நாள், காரணம் எழுதி அதிகபட்சம் 45 நாள். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. முதல் மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் பதில் ஆகியவற்றின் நகல்களையும் தபால் ரசீதுகளையும் தேதி வரிசையில் பக்க எண் போட்டு இணைத்து அனுப்புங்கள்.